எய்னோ லாம்பினன் சொன்னதுதானா?

செத்துப்போன பெரிய மனிதர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். உயிரோடு இருந்தபோது அவர்கள் சொன்னதைப் பாதிப் பேர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. செத்த பிறகு, சொல்லாததையெல்லாம் அவர்கள் வாயில் திணிக்கிறார்கள். வெர்னா ட்ரெலோர் ஆகிய நான் ஒரு நல்ல வரியைச் சொன்னால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதே வரிக்குக் கீழே தாடி வைத்த ஞானி ஒருவரின் பெயரைப் போட்டால், சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவிடுவார்கள்.

எங்கள் ஊர் நூலகத்தில், வருகிறவர்கள் கேட்பதைத் தேடிக்கொடுக்கும் மேஜையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு உள்ளூர் வாரப் பத்திரிகையில் 'யார் சொன்னது?' என்று ஒரு பத்தி. யாராவது ஒரு பொன்மொழியை அனுப்புவார்கள். அது முதன்முதலில் எங்கே, எந்த வருஷம் அச்சில் வந்தது, உண்மையில் யார் வாயிலிருந்து வந்தது என்று நான் துருவித் துருவிக் கண்டுபிடித்து எழுதுவேன். பெரும்பாலும், சொன்னதாக நம்பப்படுகிறவர் சொல்லியிருக்க மாட்டார். இதனால் எனக்கு ஊரில் நல்ல பெயர் இல்லை. போன வருஷம் தேவாலயத்துப் பொது விருந்தில், பலகையில் எழுதி வைத்திருந்த வாசகம் பைபிளில் கிடையாது என்று சொன்னதற்காக என் உருளைக்கிழங்கு சாலட்டை ஒருத்தரும் தொடவில்லை.

மார்ச் பாதியில் ஒரு மத்தியானம் இர்யா லாம்பினன் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். பூட்ஸில் ஒட்டியிருந்த பனியை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தவள், கைப்பையிலிருந்து ஒரு காப்பிக் கோப்பையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதைப் படி."

கோப்பையில் மூங்கில் படம் போட்டு, வளைந்த எழுத்தில் அச்சடித்திருந்தது. 'பாதையைத் திறப்பது என் வேலை. அதில் யார் போகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை இல்லை.' கீழே இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு கீழை நாட்டு ஞானியின் பெயர்.

"நல்லாத்தான் இருக்கு. எங்க வாங்கின?" என்றேன்.

"என் தங்கச்சி பொண்ணு கிறிஸ்துமஸுக்குக் குடுத்தா. வெர்னா, இதைச் சொன்னது எந்த ஞானியும் இல்ல. எய்னோ சொன்னது. என் சமையலறையில, என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னது."

எய்னோ அவள் கணவர். கவுண்டி என்கிற எங்கள் மாவட்ட நிர்வாகத்தின் பனி தள்ளும் வண்டியை முப்பத்தாறு வருஷம் ஓட்டியவர். நவம்பரில் இறந்துபோனார். எங்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் செத்தால் உடனே புதைக்க முடியாது. நிலம் இரும்பாக உறைந்திருக்கும். கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் பெட்டியை வைத்துவிட்டு, மே மாதம் மண் இளகும்வரை காத்திருப்போம். அழுது முடித்த பிறகு ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை அழ வேண்டியிருக்கும்.

"கல்லுல இந்த வரியைப் போடலாம்னு இருக்கேன்," என்றாள் இர்யா. "பேருக்குக் கீழ. ஆனா தங்கச்சி பொண்ணு சொல்றா, 'பெரியம்மா, அது உலகத்துக்கே தெரிஞ்ச பொன்மொழி, பெரியப்பா சொன்னதுன்னு போட்டா ஊரே சிரிக்கும்'னு. ஏப்ரல் பாதிக்குள்ள கல் வெட்டறவருக்குச் சொல்லணும். நீதான் இதுல கெட்டிக்காரியாச்சே. எய்னோ சொன்னதுதானான்னு பார்த்துச் சொல்லு."

அவர் எப்போது, எதற்காகச் சொன்னார் என்று கேட்டேன். காப்பி ஊற்றிக் கொடுத்தேன். அதே கோப்பையில் ஊற்றியதற்கு ஒரு முறை முறைத்துவிட்டுக் குடித்தாள்.

விஷயம் இதுதான். இர்யாவின் தம்பி லெனார்ட் பத்தொன்பது வயதில், ரூடி பெர்க் ஓட்டிய காரில் செத்தான். ரூடி குடித்திருந்தான், ஒரு கீறல்கூட இல்லாமல் பிழைத்தான். கொஞ்ச நாள் சிறையில் இருந்துவிட்டு வந்து, ஏரிக்கரைக் காட்டுப் பாதையின் கடைசி வீட்டில் தனியாகக் குடியிருந்தான். இர்யா குடும்பம் அவன் இருக்கும் திசையில் தலை வைத்துப் படுக்காது. 1979 பிப்ரவரியில் மூன்று நாள் விடாமல் பனி கொட்டியது. எய்னோ தினமும் பனி தள்ளிப் போகும் சுற்றில் ரூடியின் பாதைதான் கடைசி. மறுநாளைக்குத் தள்ளிப்போட்டிருந்தால் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். எய்னோ தன் வேலை நேரம் முடிந்த பிறகும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய், இரண்டு மணி நேரம் பனியைத் தள்ளி அந்தப் பாதையைத் திறந்துவிட்டு வந்தார்.

"சாப்பாட்டு மேஜையில கேட்டேன். 'அந்த ஆளுக்கா? என் தம்பியைக் கொன்னவனுக்கா?' கரண்டியைக் கீழ வெச்சார். இந்த வரியைச் சொன்னார். எழுந்து சௌனாவுல நீராவிக் குளியலுக்குப் போயிட்டார். அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தப் பேச்சே எடுக்கல, ரெண்டு பேரும்."

"உனக்குக் கோபம் வரலியா?"

"ஒரு மாசம் பேசல. அப்புறம் யோசிச்சேன். அவர் சொன்னதுல தப்பே கண்டுபிடிக்க முடியல. அவர் மனசு பெரிசு, என் மனசு சின்னதுன்னு ஒத்துக்கிட்டேன். நாப்பது வருஷம் அந்த வரியைப் பிடிச்சுக்கிட்டுதான் காலம் தள்ளியிருக்கேன். கடைவீதியில ரூடியைப் பார்த்தா தலையாட்டற அளவுக்கு வந்தேன். அது எய்னோ சொன்னதா இருந்தாதான் எனக்கு அர்த்தம். எவனோ எழுதினதை அவர் எங்கயோ படிச்சுட்டு வந்து ஒப்பிச்சிருந்தா..." மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

ஞானி சொல்லவில்லை என்பதை நிரூபிக்க எனக்கு ஒரு மணி நேரம்தான் ஆயிற்று. அவர் பெயரில் இந்த வரி 2006க்கு முன்னால் எங்குமே இல்லை. அதற்கு முன் ஒரு நாட்காட்டியில் 'பழமொழி' என்று, அதற்கும் முன் 1983இல் ஒரு சபையின் செய்தித்தாளில் 'யாரோ ஒரு தொழிலாளி' என்று. இப்படித்தான் நடக்கும். சொன்னவனின் பெயர் முதலில் உதிரும், கொஞ்ச நாள் அநாதையாகத் திரியும், பிறகு ஒரு பணக்கார வீட்டில் தத்துப்போகும்.

மூன்றாம் நாள் கணினியில், பழைய பத்திரிகைகளைப் படமெடுத்துச் சேர்த்து வைத்திருக்கும் தளத்தில் இன்னொன்று கிடைத்தது. சாலைத் தொழிலாளர் சங்கத்தின் மாத இதழ். அந்தத் தளத்தில் பக்கம் முழுதாகத் தெரியாது. தேடிய சொல் இருக்கும் இடத்தில் மூன்று வரி மட்டும், கதவிடுக்கில் பார்ப்பதுபோலத் தெரியும். இர்யா சொன்ன வரி அப்படியே இருந்தது. பக்கம் 22. பக்கத்தில் வருஷம் போட்டிருந்தது: 1936.

எய்னோ பிறந்தது 1941இல்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பழைய அச்சைப் பிடித்துவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்குத் தலைகால் புரியாது. இர்யாவின் முகம் அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது.

அவள் சமையலறையில் உட்கார்ந்து சொன்னேன். ஏலக்காய் ரொட்டி சுட்டு வைத்திருந்தாள். சுவரில் எய்னோவின் ஆரஞ்சு நிறத் தொப்பி ஆணியிலேயே தொங்கியது. எய்னோ பிறப்பதற்கு ஐந்து வருஷம் முன்பே இந்த வரி அச்சில் வந்திருக்கிறது, சங்கத்து இதழ் டிப்போவில் கிடந்திருக்கும், அவர் படித்திருப்பார், மனதில் நின்றிருக்கும் என்றேன். நல்ல வரியை நினைவில் வைத்து நல்ல நேரத்தில் சொல்வதும் பெரிய விஷயம்தான் என்று ஆறுதலாக ஏதோ சேர்த்தேன். அதை நானே நம்பவில்லை.

இர்யா ரொட்டியை வெட்டிக்கொண்டே இருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கு எட்டுத் துண்டு வெட்டிவிட்டாள்.

"அப்போ எனக்கு அவர் பதிலே சொல்லல," என்றாள்.

"அப்படி இல்ல இர்யா..."

"அப்படித்தான். நான் கேட்டது அவரை. பத்திரிகையை எடுத்து மூஞ்சில போட்டுட்டுக் குளிக்கப் போயிட்டார். நான் அதைப் பார்த்து நாப்பது வருஷம் வெக்கப்பட்டிருக்கேன்." கத்தியைக் கழுவி வைத்தாள். "உன்மேல தப்பு இல்ல. பத்தியில எழுதிக்கோ. உண்மைன்னா எழுதத்தானே வேணும். கல்லுல பேரும் வருஷமும் போதும்."

எழுதினேன். எய்னோவின் பெயரைப் போடவில்லை, ஆனால் எங்கள் ஊரில் பெயரைப் போடாமல் இருப்பதும் போடுவதும் ஒன்றுதான். 'ஞானியும் இல்லை, நம் ஊர்க்காரரும் இல்லை. 1936இல் பெயர் தெரியாத யாரோ' என்று முடித்திருந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இர்யா வழக்கமான இடத்தில் உட்காரவில்லை, பின்வரிசைக்குப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து டெல்ஃபின் கூப்பிட்டாள். டெல்ஃபின் இருப்பது மாடிசன் நகரத்தில். அவளும் என்னைப் போலவே பொன்மொழிகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் தேடுகிறவள். நாங்கள் நேரில் பார்த்ததே கிடையாது. பன்னிரண்டு வருஷமாகத் தொலைபேசியில் சண்டை போட்டு வளர்த்த சிநேகம். என் பத்தியை இணையத்தில் ஒன்று விடாமல் படிப்பாள், தப்புப் பிடிப்பதற்காகவே.

"வெர்னா அம்மணி, ஒரே ஒரு கேள்வி. அந்த இதழைக் கையில வெச்சுப் பார்த்தியா?"

"பார்க்கல. தளத்துல தெளிவா இருந்துச்சே."

"கையில வெச்சுப் பார்க்கல. சரி. முப்பத்தாறுல பொறந்த வரி எண்பத்து மூணு வரைக்கும் எங்க போச்சு? நாப்பத்தேழு வருஷம் தூங்குச்சா? நடுவுல ஒரு இடத்துலயாவது எட்டிப் பார்த்திருக்க வேணாமா?"

என் குறிப்பு நோட்டைத் தேடி எடுத்துப் பிரித்தேன்.

"அந்த இதழ் முப்பத்தாறுல ஆரம்பிச்சுதுடி," என்றாள் டெல்ஃபின். "நூலகத்துல பட்டியல் போட்டவங்க, ஆரம்பிச்ச வருஷத்தை மட்டும் எழுதி வெச்சிருக்காங்க. தளம் அதை அப்படியே எடுத்து, அம்பது வருஷத்து இதழுக்கும் முப்பத்தாறுன்னு ஒட்டிடுச்சு. உன் வரி எந்த வருஷத்து இதழ்ல வேணா இருக்கலாம். இதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீதான். அன்னிக்கு என்னைக் கழுதைன்னு திட்டின, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. இந்த வேலையில் கால் வைக்கிறவர்கள் எல்லாரும் விழுகிற முதல் குழி இது. புதிதாக வருகிறவர்களுக்கு அதைக் காட்டி எச்சரிப்பதே நான்தான். பத்தொன்பது வருஷம் அடுத்தவர்களின் சோம்பேறித்தனத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டு, ஒரு விதவையின் விஷயத்தில் நானே சோம்பேறியாக இருந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. அதைவிட, இர்யா வெட்டிய எட்டுத் துண்டு ரொட்டி கண்ணிலேயே நின்றது.

ஏப்ரல் ஒன்பதாம் தேதி. கல் வெட்டுகிறவரிடம் சொல்ல இன்னும் ஆறு நாள். அந்த இதழின் தொகுதிகள் இருக்கும் பல்கலைக்கழக நூலகம் எங்கள் ஊரிலிருந்து மூன்று மணி நேரம். காலையில் இறைச்சி அடைத்த பேஸ்ட்டி ஒன்றை வழிக்குச் சுற்றிக்கொண்டு காரை எடுத்தேன். வழியெல்லாம் சேறும் பனியும் கலந்து கிடந்தது.

நிலவறையில் வரிசையாகப் பச்சை அட்டை போட்ட தொகுதிகள். எழுபத்தொன்பதை நேராக எடுத்தேன். பனி கொட்டியது பிப்ரவரி. மார்ச் இதழ், பக்கம் 22: டயர் விளம்பரம். ஏப்ரல், பக்கம் 22: ஓய்வூதியச் செய்தி. மே இதழைப் புரட்டினேன். பக்கம் 22, 'வட்டாரக் கடிதங்கள்'. எங்கள் கவுண்டியின் மேற்பார்வையாளர் ஹெர்ப் எழுதிய கடிதம்.

படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். தளம் எனக்குக் காட்டிய மூன்று வரிக்கு மேலேயும் இருந்தது, கீழேயும் இருந்தது. நிலவறையில் யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதேன். பிறகு பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டு, பேஸ்ட்டியைக்கூடத் தின்னாமல் திரும்பினேன்.

இர்யா வாசலில் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"இன்னும் என்ன மிச்சம்? அவர் பொறந்ததே பொய்னு கண்டுபிடிச்சுட்டியா?"

"நான் தப்புப் பண்ணிட்டேன் இர்யா. வருஷம் தப்பு. உள்ள விடு, காமிக்கறேன்."

மேஜையில் காகிதத்தை வைத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தாள். ஹெர்ப் எழுதியிருந்தது இது:

'பிப்ரவரிப் புயலின்போது எங்கள் ஓட்டுநர் எய்னோ லாம்பினன், தன் வேலை நேரம் முடிந்த பிறகும், தன் குடும்பத்துக்கு ஆகாத ஒருவரின் பாதையைத் திறந்துவிட்டு வந்தார். ஏன் என்று கேட்டேன். "வீட்டிலும் இதைத்தான் கேட்டாள். பாதையைத் திறப்பது என் வேலை. அதில் யார் போகிறார்கள் என்று பார்ப்பது என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவள் கேட்டது நியாயம்தான். செத்தது அவள் தம்பி. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை" என்றார். இப்படிப்பட்ட ஆட்கள் எங்களிடம் இருக்கிறார்கள்.'

இர்யாவின் விரல் 'நியாயம்தான்' என்ற இடத்தில் நின்றுவிட்டது.

"ஹெர்ப்கிட்ட சொல்லியிருக்கார்," என்றாள்.

"ஆமா."

"ஹெர்ப்கிட்ட!" நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சுவரில் தொங்கிய தொப்பியிடம் போனாள். "யோவ் ஊமை! அந்தக் கிறுக்கன்கிட்ட சொல்லத் தெரிஞ்சுதா உமக்கு? மூணு மாகாணத்துக்காரன் படிக்கிற பத்திரிகையில வருது, மேஜைக்கு இந்தப் பக்கம் உக்காந்திருந்தவளுக்கு வரலியா? நாப்பது வருஷம்யா!" தொப்பியை எடுத்து அதையே இரண்டு அடி அடித்தாள். அப்புறம் அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் எழுந்து போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். நான் அப்படியெல்லாம் செய்கிற ஆள் இல்லை.

"நான் சின்ன புத்திக்காரின்னே நெனச்சுட்டு இருந்தேன் வெர்னா," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "நான் கேட்டது நியாயம்னு அவருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு வலிக்கும்னு தெரிஞ்சேதான் போயிருக்கார்."

"உன்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்."

"கேளு. ஆனா நீ ஒழுங்கா வருஷத்தைப் போட்டிருந்தா, 'எய்னோ சொன்னதுதான்'னு மேலோட்டமாச் சொல்லிட்டுப் போயிருப்ப. கீழ இருக்கறதை யார் படிச்சிருப்பா?" மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்காக உன்னைப் பாராட்டறேன்னு நெனச்சுக்காத. ஊர் பூரா என்னைப் பார்த்துப் பாவப்பட்டாங்க."

அந்த வாரப் பத்தியில் என் தப்பை, சுற்றி வளைக்காமல், முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டேன். பாதையைப் பற்றிய வரி 1979இல் எய்னோ லாம்பினன் சொன்னது, ஞானி சொன்னது இல்லை, 1936 என்பது வெர்னா ட்ரெலோரின் முட்டாள்தனம். ஹெர்ப்பின் கடிதத்தில் இருந்த மீதியை அப்போது எழுதவில்லை. இர்யா விடவில்லை. "போட்டா அந்த ஒரு வரியை மட்டும் பிய்ச்சு எடுத்துக் கோப்பையில அடிச்சுடுவானுங்க. எழுதறதா இருந்தா என்னிக்காவது முழுசா எழுது, நான் கரண்டியைக் கீழ வெச்சுக் கேட்ட கேள்வியிலேர்ந்து," என்றாள். கரண்டியைக் கீழே வைத்தது எய்னோ என்று நான் திருத்தவில்லை.

மே பதினெட்டாம் தேதி மண் இளகியிருந்தது. கொசு இன்னும் வரவில்லை, வெயில் இருந்தது. கவுண்டியிலிருந்து பழைய ஓட்டுநர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். வெகு தள்ளி, வேலியோரமாக, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ரூடி பெர்க் நின்றிருந்தான். ரொம்பக் கிழவனாகிவிட்டான். இர்யா பார்த்தாள். தலையாட்டவில்லை. முகத்தைத் திருப்பவும் இல்லை.

பெட்டியை இறக்கி முடித்த பிறகு கல்லை மூடியிருந்த துணியை எடுத்தார்கள். எல்லாரும் பாதையைப் பற்றிய வரியை எதிர்பார்த்து வந்திருந்தார்கள். என் பத்தியைப் படித்துவிட்டு அதை மனப்பாடமே செய்திருந்தார்கள். கல்லில் பெயர் இருந்தது, வருஷம் இருந்தது. கீழே, 'அவள் கேட்டது நியாயம்தான்' என்று இருந்தது.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. எங்கள் பாஸ்டர் இளைஞர், பொன்மொழிப் பிரியர். மெதுவாக என் பக்கம் சாய்ந்து, "இது யார் சொன்னது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இர்யா திரும்பினாள்.

"என் வீட்டுக்காரர்," என்றாள். "என்கிட்டதான் சொன்னார். வந்து சேரக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு."